வாட்ச் ஸ்ட்ராப்புக்குச் சோப்பு போடலாமா, கூடாதா?

வேளச்சேரி_குமரன்

வணக்கம் நண்பர்களே. போன வருடக் கடைசியில் வாங்கிய ஸ்மார்ட்வாட்ச். நடை, தூக்கக் கணக்கு, ஆபீஸ் மெசேஜ் எல்லாம் அதில்தான். சார்ஜ் போடும் நேரம் தவிரக் கையிலேயே இருக்கும். இப்போது மூன்று தொல்லை.

ஒன்று, ஸ்ட்ராப் படுகிற இடம் முழுக்கச் சிவந்து அரிக்கிறது. இரண்டு, வெள்ளை சிலிக்கான் ஸ்ட்ராப் பழுப்பேறிவிட்டது, உள்பக்கம் கொழகொழவென்று இருக்கிறது. மூன்று, பின்பக்கம் சார்ஜர் ஒட்டுகிற புள்ளிகளில் ஒன்றில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. வைத்து அழுத்தினால் சார்ஜ் ஏறுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது.

வாங்கிய கடையில் கேட்டேன், "சோப்புத் தண்ணியில கழுவுங்க சார்" என்றார்கள். அலுவலக நண்பர் சோப்பே ஆகாது என்கிறார். எது சரி?

சட்னி_சாம்பார்

கொரோனா சமயத்தில் வாங்கிக் குவித்த சானிடைசர் வீட்டில் ஒரு பாட்டிலாவது மிச்சம் இருக்குமே. இரண்டு சொட்டு விட்டுத் துடைங்க. முடிந்தது வேலை.

ஸ்பேனர்_செல்வம்

சானிடைசர் வேண்டாம் குமரன். அதில் ஆல்கஹால் மட்டும் இல்லை, கிளிசரின், ஜெல், வாசனை எல்லாம் உண்டு. ஆல்கஹால் பறந்துபோகும், மற்றது ஸ்பீக்கர் ஓட்டையிலும் பட்டன் இடுக்கிலும் பிசின் மாதிரி தங்கும். அதன்மேல் தூசி ஒட்டும். என் கடைக்கு (கோவை, காந்திபுரம் பக்கம்) பட்டன் இறுகிப்போய் வருகிற வாட்சுகளில் இந்தக் கதை அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் மூன்றாவது தொல்லைக்கு முதலில் வருகிறேன், மற்றதைவிட அதுதான் அவசரம். அந்தப் புள்ளிகளுக்கு மேலே மெல்லிய தங்க முலாம், அடியில் தாமிரம் கலந்த உலோகம். வியர்வை என்பது உப்புத் தண்ணீர். நடந்துவிட்டு வந்து, ஈரம் காயாமல் அப்படியே சார்ஜரில் ஒட்டினால், அந்த உப்புத் தண்ணீர் வழியாகவும் மின்சாரம் ஓடும். உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். முலாம் ஓரிடத்தில் போய்விட்டால் தாமிரம் பச்சை பிடிக்கும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாட்சை அணைத்துவிடுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐபிஏவில் (மொபைல் சர்வீஸ் கடை எதிலும் கிடைக்கும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) லேசாக நனைத்துப் பிழிந்து, புள்ளிகள்மேல் மட்டும் துடையுங்கள். போகவில்லை என்றால் மிருதுவான பழைய டூத் பிரஷ். இன்னும் போகவில்லை என்றால் மரப் பல்குச்சியின் முனை. ஊசி, சேஃப்டி பின், பிளேடு கிட்டவே வரக்கூடாது. பென்சில் ரப்பர் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று சிலர் சொல்வார்கள். ஆகும். கூடவே மிச்ச முலாமும் போகும், அடுத்த மாதம் மறுபடி பச்சை.

சார்ஜர் பக்கத்து பின்களையும் அதேபோலத் துடையுங்கள், பிளக்கை உருவிவிட்டு. அந்தப் பின்கள் ஸ்பிரிங் மேல் நிற்பவை. ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டாலும் இதே அறிகுறிதான் வரும்.

விடாக்கேள்வி

ஐபிஏ புள்ளிகளுக்குச் சரி. மொத்த வாட்சையும் அதில் துடைக்கலாமா?

ஸ்பேனர்_செல்வம்

எப்போதாவது ஒரு தடவை துடைப்பதால் ஒன்றும் ஆகாது. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைப்பை வெளிப்பக்கம் பயன்படுத்தலாம் என்று ஆப்பிளே சொல்கிறது, தோல், துணி ஸ்ட்ராப் நீங்கலாக. தினமும் செய்தால் திரைமேல் இருக்கும் எண்ணெய் ஒட்டாத பூச்சு சீக்கிரம் தேயும். நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

மலர்_செவிலி

குமரன் தம்பி, நான் தோல் நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் தடிப்பு எங்கே இருக்கிறது என்பதை வைத்தே நிறையப் புரியும்.

ஸ்ட்ராப் படுகிற இடம் முழுக்க, சீராகச் சிவந்திருந்தால் பெரும்பாலும் ஈரமும் உராய்வும்தான் காரணம். சென்னைப் புழுக்கத்தில் சிலிக்கானுக்கு அடியில் வியர்வை வெளியேற வழியில்லை. தோல் ஊறிப்போகும், அதன்மேல் ஸ்ட்ராப் உரசும். சின்னச் சின்னப் பொரியாக இருந்தால் வேர்க்குரு. குளிக்கும்போது வாட்சைக் கழற்றாதவர்களுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: சோப்பும் ஷாம்பூவும் அடியில் போய் மாட்டிக்கொண்டு, கழுவ முடியாமல் நாள் முழுக்க அங்கேயே இருக்கும்.

மாறாக, பக்கிள் இருக்கும் இடத்தில் மட்டும் சதுரமாகவோ, வாட்சின் உலோக விளிம்பு படுகிற இடத்தில் மட்டும் வட்டமாகவோ வந்தால் நிக்கல் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இது வரும். நல்ல ஸ்டீலிலும் நிக்கல் உண்டு. சாதாரணமாக அது கொஞ்சம்தான் வெளியே வரும், வியர்வை சேர்ந்தால் கூடும். 2014ல் ஃபிட்பிட் நிறுவனம் தன் ஃபோர்ஸ் என்ற கைப்பட்டையை அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் திரும்பப் பெற்றதே, அது இந்தத் தோல் ஒவ்வாமைப் புகார்களால்தான். ஸ்டீலில் இருந்த நிக்கல், ஒட்டும் பசை, பட்டையின் மற்றப் பொருட்கள் என்று காரணங்களைச் சொன்னார்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: தோல் முழுக்க ஆறும் வரை வாட்சைக் கட்டாதீர்கள். அவசியம் என்றால் மறு கையில், தளர்வாக. ஆறிய பிறகும் தினமும் ஒரு பொழுதாவது கைக்குக் காற்று படட்டும்.

ஒரு எச்சரிக்கை. தடிப்பு வளையமாக, ஓரம் மட்டும் செதில் செதிலாக, நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போனால் அது படர்தாமரையாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு க்ரீம் கொடுங்க" என்று கேட்டு ஸ்டீராய்டு கலந்த ட்யூபை வாங்கிப் பூசாதீர்கள். இரண்டு நாள் அடங்கும், அப்புறம் பரவும், பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் கேட்காது. கொப்புளம், நீர் வடிதல் இருந்தாலும் நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

சட்னி_சாம்பார்

அக்கா, நான் கையில் பவுடர் போட்டுக்கொண்டு வாட்ச் கட்டுவேன். வேர்க்குரு வராது. சரிதானே?

மலர்_செவிலி

வியர்வையோடு குழைந்து மாவாகிவிடும் தம்பி. காய்ந்த கையில் கட்டுவதே போதும்.

ஸ்பேனர்_செல்வம்

பவுடர் வாட்சுக்கும் ஆகாது. ஓரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருக்கும். ஒன்று மைக், சில மாடல்களில் இன்னொன்று காற்றழுத்த சென்சாருக்கு. அது அடைபட்டால் நீங்கள் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதே மாடிப்படி ஏறியதாகக் கணக்கு காட்டும்.

விடாக்கேள்வி

அசல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சோப்பு போடலாமா, கூடாதா? நிறுவனங்கள் சொல்வதைத் தேடிப் படித்தேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆப்பிள்: வாட்சுக்குச் சோப்பு, கிளீனர் எதுவும் கூடாது, அழுக்கு அதிகம் என்றால் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் 10 முதல் 15 விநாடி காட்டலாம். கார்மின்: மென்மையான டிடர்ஜென்ட் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். ஃபிட்பிட்: கை சோப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு, சானிடைசர் எதுவும் கூடாது, செடாஃபில் மாதிரி சோப்பில்லாத கிளென்சர் மட்டும். மூன்று பேரும் வாட்ச் விற்கிறவர்கள். மூன்றும் எப்படிச் சரியாக இருக்கும்?

ஸ்பேனர்_செல்வம்

மூன்றும் சரிதான். வாட்ச் வேறு, ஸ்ட்ராப் வேறு என்று பிரித்துப் பாருங்கள், குழப்பம் போய்விடும்.

வாட்ச் உள்ளே தண்ணீர் போகாமல் தடுப்பது ரப்பர் வளையமும் பசையும் மிக நுண்ணிய துளையுள்ள சவ்வும். வெறும் தண்ணீருக்கு மேற்பரப்பு இழுவிசை அதிகம், சின்ன இடுக்கில் சுலபமாக நுழையாது. சோப்பின் வேலையே அந்த இழுவிசையைக் குறைப்பதுதான். அதனால்தான் துணி அழுக்கு போகிறது, அதனால்தான் ஸ்பீக்கர் சவ்வு வழியாகவும் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஆகவே வாட்சுக்குச் சோப்பு கிடையாது. நனைத்துப் பிழிந்த துணி, அவ்வளவே. கார்மின் சொல்வதும் துணியால் துடைப்பதைத்தான், சோப்புத் தண்ணீரில் கழுவுவதை இல்லை.

ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டால் அதில் எலக்ட்ரானிக்ஸ் ஒன்றும் இல்லை. சிலிக்கானோ நைலானோ, மென்மையான சோப்புத் தண்ணீரில் தாராளமாகக் கழுவலாம். ஃபிட்பிட் பயப்படுவது சோப்பைப் பற்றி இல்லை, சரியாக அலசாத சோப்பைப் பற்றி. மலர் அக்கா சொன்ன அதே காரணம். ஓட்டை, கொக்கி, வாட்சில் மாட்டுகிற முனை, இந்த மூன்றிலும் நுரை ஒளிந்துகொள்ளும். வழுவழுப்பு போகும் வரை அலசி, நிழலில் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள்.

ஸ்ட்ராப்பைக் கழற்றாமலேயே கழுவுவதால்தான் பாதி வம்பு. பெரும்பாலான மாடல்களில் உள்பக்கம் ஒரு சின்ன நெம்பு இருக்கும், நகத்தால் தள்ளினால் கழன்றுவிடும். மெத்தைமேல் உட்கார்ந்து கழற்றுங்கள். அந்த ஸ்பிரிங் பின் தெறித்து டைல்ஸ் தரையில் ஓடினால் அன்றைய சாயங்காலம் போச்சு.

விடாக்கேள்வி

சரி, இது ஒப்புக்கொள்ளும்படி இருக்கிறது. ஒரு சேர்க்கை: போர் தண்ணீர் வருகிற வீட்டில் கடைசி அலசலை ஆர்ஓ தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கறுப்பு ஸ்ட்ராப்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும், சென்சார் கண்ணாடியிலும் படியும்.

குளத்துமீன்

நீந்துகிறவன் சார்பில் கொஞ்சம். "50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று போட்டிருப்பதைப் பார்த்து 50 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். ஐஎஸ்ஓ 22810 என்ற தரத்தின்படி அசையாத தண்ணீரில் அந்த அளவு அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். நீச்சலுக்குச் சரி. டைவிங் போர்டில் இருந்து குதிப்பது, ஸ்கூபா போவதெல்லாம் வேறு கணக்கு. ஐபி68 (தூசி, தண்ணீர் தாங்கும் தரக்குறி) என்று மட்டும் போட்டிருந்தால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடந்தது. குளோரினுக்கும் கடல் தண்ணீருக்கும் அதில் உத்தரவாதம் இல்லை.

குளமோ கடலோ, வெளியே வந்ததும் குழாய்த் தண்ணீரில் மெதுவாக அலசிவிட வேண்டும். பெசன்ட் நகர் பீச்சில் அலையில் நின்றுவிட்டு அப்படியே வீட்டுக்கு வருகிறவர்களின் வாட்சில் பட்டன் ஓரம் உப்பு காய்ந்து கெட்டியாகும். திருகு பட்டன் இருந்தால் குழாய்க்கு அடியில் பிடித்துச் சுற்றிக்கொண்டே கழுவுங்கள்.

அப்புறம் இந்த வாட்டர் லாக். தண்ணீர்ச் சின்னத்தைத் தொட்டால் ஓட்டையெல்லாம் மூடிக்கொள்ளும் என்று என்னோடு நீந்துகிற ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். எதுவும் மூடாது. தண்ணீர் பட்டுத் திரை தானாக இயங்காமல் தொடுதிரையை நிறுத்துகிறது, அவ்வளவுதான். அதை எடுக்கும்போது ஸ்பீக்கர் ஒரு சத்தம் எழுப்பி உள்ளே நிற்கும் தண்ணீரைத் துப்பும். வாட்டர் லாக் போடாமல் நீந்தியதால் வாட்ச் கெடுவதில்லை. சூடான ஷவர், ஹோட்டல் ஸ்டீம் ரூம் இவற்றால் கெடும். ரப்பர் வளையம் வெப்பத்தில் விரிந்து சுருங்கித் தளர்ந்துவிடும்.

நைட்ஷிப்ட்_நந்தா

குளித்துவிட்டு வந்தபின் வாட்ச் திரைக்கு உள்ளே ஆவி படிந்த மாதிரி தெரிந்தால்? அரிசிப் பானையில் போட்டு வைக்கலாமா?

ஸ்பேனர்_செல்வம்

அரிசியைச் சோறு வடிக்க வைத்துக்கொள்ளுங்கள். மாவுத்தூள் ஓட்டையில் போவதுதான் மிச்சம். அணைத்து, சார்ஜ் போடாமல், ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஹேர் டிரையர் கூடாது, சூடு பசையை இளக்கும். ஒரு நாளில் போகவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள், உள்ளே ஈரம் நின்றால் பேட்டரிக்கு ஆபத்து. திரை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

சட்னி_சாம்பார்

திரையில் கீறல் இருக்கிறது, பற்பசை போட்டுத் தேய்த்தால்?

ஸ்பேனர்_செல்வம்

ஒரு கீறல் போய் நூறு மெல்லிய கீறல் வரும்.

வேளச்சேரி_குமரன்

எல்லோருக்கும் நன்றி. செல்வம் அண்ணன் சொன்னபடி புள்ளிகளைத் துடைத்தேன், பஞ்சுக்குச்சி முனை பச்சையாகவே வந்தது. இப்போது கை வைக்காமலேயே சார்ஜ் ஏறுகிறது. வாட்சைக் கழற்றிவைத்த பிறகு சிவப்பும் குறைந்துகொண்டு வருகிறது.

ஸ்ட்ராப்பைக் கழற்றிச் சோப்பு போட்டேன். கொழகொழப்பு போய்விட்டது, பொதுப் பழுப்பும் பாதி போனது. ஆனால் இரண்டு மூன்று இடத்தில் மஞ்சளாக இருந்த கறை சோப்பு பட்டதும் சிவப்பாகிவிட்டது! ஸ்ட்ராப் கெட்டுவிட்டதா?

அடுப்படி_அகிலா

கெடவில்லை. அது மஞ்சள்தூள். சாம்பாரோ மீன் குழம்போ சிந்தியிருக்கிறது. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும், சோப்பில் காரம் இருக்கிறது. குங்குமம் செய்வதே மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துத்தானே. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளுக்கே திரும்பும்.

தேய்த்துத் தேய்த்து மல்லுக்கட்டாதீர்கள். மஞ்சளின் நிறத்துக்கு வெயில் ஆகாது. ஈர ஸ்ட்ராப்பை மட்டும் (வாட்சை இல்லை!) மொட்டைமாடியில் காலை வெயிலில் காயப்போடுங்கள், கறை வெளுத்துக்கொண்டே வரும். வெள்ளை வேட்டியில் குழம்பு சிந்தினால் அம்மா செய்கிற அதே வைத்தியம். கறை போனதும் எடுத்துவிடுங்கள், நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் ஸ்ட்ராப்பே பழுக்கும்.

மற்றப் பழுப்புக்கு சமையல் சோடாவைக் குழைத்து விரலால் தடவலாம். சன்ஸ்க்ரீன் பூசுகிறவர்கள் வெள்ளை ஸ்ட்ராப் வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. கொசு மருந்து க்ரீமும் அப்படித்தான், டீட் என்ற கொசு விரட்டும் ரசாயனம் கலந்தது பிளாஸ்டிக்கை இளக்கும். பூசி, அது காய்ந்து, கையைத் துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.

விடாக்கேள்வி

சிலிக்கானை விட்டுவிட்டு வேறு ஸ்ட்ராப்புக்கு மாறலாம் என்று தோன்றுகிறது. 2023ல் ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தில் 20 பேரின் கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். 95 சதவீதத்தில் கிருமி இருந்தது. ரப்பர், பிளாஸ்டிக் பட்டைகளில் அதிகம், தங்கம், வெள்ளியில் ஏறக்குறைய இல்லை. அடுத்த வருடமே நோட்ர டாம் பல்கலைக்கழகம் 22 ஸ்ட்ராப்புகளை ஆராய்ந்து, ஃபுளோரோஎலாஸ்டோமர் (ஃபுளோரின் சேர்ந்த செயற்கை ரப்பர்) வகையில் பிஎஃப்எச்எக்ஸ்ஏ என்ற அழியா வேதிப்பொருள் இருப்பதாகச் சொன்னது. விலை அதிகமான ஸ்ட்ராப்புகளில்தான் ஃபுளோரின் கூடுதலாம்.

மலர்_செவிலி

முதல் ஆய்வு 20 பேர்தான், அதை வைத்துப் பயந்துவிட வேண்டாம். நம் தோலிலேயே ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா சாதாரணமாக வாழ்கிறது. எனக்கு அதில் பயன்பட்டது வேறு: 70 சதவீத எத்தனால் 30 விநாடியில் கிருமிகளைக் கொன்றது, ஆப்பிள் சிடர் வினிகருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. வாரம் ஒருமுறை கழுவுகிறவர்களுக்கு அது கூடத் தேவைப்படாது. ஜிம்முக்குப் போகிறவர்கள், மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் செய்யலாம். நான் வார்டில் வாட்சே கட்டுவதில்லை.

இரண்டாவதைப் பொறுத்தவரை, கவலைப்படுகிறவர்கள் வாங்கும்போது விவரத்தில் "சிலிக்கான்" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். அது ஃபுளோரோஎலாஸ்டோமர் இல்லை.

ஆம்பூர்_தோல்

தோல் ஸ்ட்ராப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன்: நடைப்பயிற்சிக்குத் தோல் கட்டாதீர்கள். எங்கள் ஊர் சரக்கு நன்றாக விற்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், ஆனால் உண்மை அது.

தோலுக்குப் பகை தண்ணீர் அல்ல, வியர்வையின் உப்பு. தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு நாரிலேயே தங்கித் தோலை விறைக்கவைத்து வெடிக்கவிடும். மரப்பட்டையில் பதனிட்ட தோல் வியர்வையைக் குடித்துக் கறுக்கும், குரோம் பதனிட்டது கொஞ்சம் தாங்கும். கழற்றியதும் உள்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட வையுங்கள். ஒரே ஸ்ட்ராப்பை நாள்தோறும் கட்டாமல் மாற்றி மாற்றிக் கட்டினால் இரட்டிப்பு ஆயுள்.

தேங்காய் எண்ணெய் பூசுகிற பழக்கத்தை விடுங்கள். முதல் நாள் மினுமினுக்கும். அப்புறம் சிக்கு வாடை, தூசி, சட்டைக் கையில் கறை. செருப்புக் கடையில் கிடைக்கும் லெதர் கண்டிஷனரைத் துளி எடுத்து மேல்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் வைத்த ஸ்ட்ராப்பில் பூஞ்சை பூக்கும். வெளியே எடுத்து, உலர்ந்த பிரஷால் தட்டி, நிழலில் காயவையுங்கள். வீட்டுக்குள் தட்டாதீர்கள், அந்தத் தூள் பக்கத்துச் செருப்பிலும் போய் உட்காரும். புதுப் பை வாங்கும்போது கிடைக்கிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஸ்ட்ராப்போடு ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த மழைக்குப் பிரச்சினை இல்லை.

குளத்துமீன்

நைலான் லூப் ஸ்ட்ராப் தான் என் ஓட்டு. காற்று போகும், கட்டியிருப்பதே தெரியாது. நாற்றம் வந்தால் கொஞ்சம் துணி சோப்புத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, கசக்கி, அலசிக் காயப்போட்டால் சரி. காய நேரமாகும், அதனால் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுகிற பக்கத்தில் நூலும் முடியும் சிக்கினால் பிடிப்பு தளரும், டூத் பிரஷால் வாருங்கள்.

வேளச்சேரி_குமரன்

நைலானே வாங்கிவிடுகிறேன். 20 மில்லிமீட்டரா 22ஆ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் வாட்ச் பெட்டியில் ஒன்றும் போடவில்லை.

ஸ்பேனர்_செல்வம்

ஸ்ட்ராப் மாட்டுகிற இரண்டு கொம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளங்கள், ஸ்ட்ராப்பை அளக்காதீர்கள். 22க்கு 20 போட்டால் பின் நடுவில் ஆடி ஒருநாள் பஸ்ஸில் கழன்று விழும். அளந்து பார்த்துவிட்டு மாடல் பெயரோடு இங்கே போடுங்கள். சில மாடல்களில் கொம்பே இருக்காது, கம்பெனி ஸ்ட்ராப் மட்டும்தான் உட்காரும்.